ஆஸ்பத்திரிக்கு ஒரு பட்டுப் பாவாடை

1

நான் படித்த ஆரணிப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மின்னஞ்சல் வந்து மூன்று வாரம் ஆகிறது. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு மருத்துவக் காப்பீடு. இரண்டு பக்கம் போதுமாம். பெற்றோருக்கும் புரிய வேண்டுமாம். அமெரிக்காவில் பதினோரு வருடமாக இருக்கிற நான் எழுதினால் பொருத்தமாக இருக்குமாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த விஷயத்தில் என்னைவிடப் பெரிய பித்தலாட்டக்காரியை அவர்கள் ஊர் ஊராகத் தேடினாலும் பிடித்திருக்க முடியாது.

மூன்று வாரமாக உட்காருகிறேன், எழுந்துகொள்கிறேன். ஒரு வரி எழுதுவேன், துணி மடிக்கப் போவேன். திரும்பி வந்தால் அந்த வரி பிடிக்காது. இருப்புக் கொள்ளவில்லை என்பார்களே, அதுதான்.

சரி, பயனுள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே காப்பீடு இல்லாமல் ஆஸ்பத்திரி வாசல் மிதிப்பது வீட்டை விற்பதற்குச் சமம். அதனால் வெளிநாட்டு மாணவர்கள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. அவர்களுடைய திட்டத்திலேயே சேரலாம். அல்லது ஊரிலிருந்தே ஒரு பாலிசி வாங்கிவந்து, 'எனக்கு உங்கள் திட்டம் வேண்டாம்' என்று விலக்குக் கேட்டு ஒரு படிவம் கொடுக்கலாம். இதை வெய்வர் என்பார்கள். இரண்டில் எதை எடுத்தாலும், ஏதோ ஒரு தாளில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். உங்களுக்கு ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா? எல்லா வினையும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பட்டு நெய்கிற நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வரியை நிரப்பத் தெரியாது.

அந்த மின்னஞ்சல் வந்த வாரமே என் மகள் மீனுவின் பள்ளியிலிருந்தும் ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் வரும். மீனுவுக்கு எட்டு வயது, ஆஸ்துமா இருக்கிறது. அவளுடைய இன்ஹேலர் பள்ளி நர்சின் அலமாரியில் அவள் பெயர் ஒட்டி, சிரிக்கிற சூரியன் ஸ்டிக்கரோடு இருக்கும். போன வருடம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதை எடுத்துக்கொண்டு போய், எப்படி உறிஞ்ச வேண்டும் என்று செய்து காட்டினாளாம். ஆசிரியை என்னிடம் பெருமையாகச் சொன்னார். இருபது பிள்ளைகள், இருபது வீடு. ஊர் முழுக்கத் தெரிந்துபோயிருக்குமே என்றுதான் முதலில் தோன்றியது.

அந்தப் படிவத்தில் இரண்டாம் பக்கம் ஒரு கேள்வி: பெற்றோரில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா? இல்லை என்கிற கட்டத்தில் நான் டிக் அடிப்பேன். மூன்று வருடமாக அப்படித்தான். "நம்ம ரெண்டு குடும்பத்துலயும் இல்லாத வியாதி, எல்லாம் இந்த ஊர்க் குளிர்தான்" என்று என் மாமியார் சென்னையிலிருந்து போனில் சொல்வார்கள். நானும் "ஆமாங்க அத்தை" என்பேன். ஒரு நாள் மீனு கேட்டாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் எழுதுகிறேன்: "வீட்டுல யாருக்குமே இல்லையே, எனக்கு மட்டும் ஏன் உடம்பு தப்பாப் போச்சு?" நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தத்தில் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

எனக்கு ஆறு வயதிலிருந்து இளைப்பு உண்டு. என் இன்ஹேலர் ஆபீஸ் மேஜையின் கடைசி டிராயரில், கவர்களுக்கு அடியில் இருக்கிறது.

2

ஆரணியில் நல்ல டாக்டர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஆரணி டாக்டரிடம் போனால் ஆரணிக்கே தெரிந்துவிடும். பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர் எங்களுக்குப் புடவை நெய்கிறவராக இருப்பார். அல்லது அப்பாவின் கடைக்கு எதிர்க்கடைக்காரராக இருப்பார். அல்லது பின்னாளில் சம்பந்தம் பேச வரக்கூடியவராக இருப்பார். ஆறு வயதுப் பெண்ணுக்குச் சம்பந்தமா என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் பெண் பிறந்தால் அந்தக் கவலையும் இரட்டைப் பிள்ளையாகக் கூடவே பிறந்துவிடும்.

அதனால் வேலூர். கண்ணமங்கலம் வழியாகப் போகிற பஸ். ஆனால் பஸ் ஸ்டாண்டிலும் ஆட்கள் இருப்பார்களே? "குடும்பத்தோட எங்கயோ கிளம்பிட்டீங்க போல?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்களே? அதற்கு அம்மா கண்டுபிடித்த வழிதான் பட்டுப் பாவாடை. அரக்கு நிறம், பச்சைக் கரை. தலை நிறைய மல்லி. அம்மாவும் பட்டு. அப்பா கையில் மஞ்சள் பை, அதில் மேலே தாம்பூலத் தட்டு, அடியில் டாக்டர் சீட்டு.

"கல்யாணங்க, வேலூர்ல" என்பார் அப்பா.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலூரில் எங்களுக்கு ஒரு கல்யாணம் இருக்கும். ஆடி மாதத்தில்கூட ஒருமுறை இருந்தது. அன்று பஸ் ஸ்டாண்டில் அப்பா முழித்த முழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கண்ணமங்கலத்தில் பஸ் நிற்கும்போது தூசி ஏறி எனக்கு மூச்சு வாங்கும். பக்கத்து சீட் அம்மாள் ஒருத்தி, "பாப்பாவுக்கு இன்னா, இப்பிடி இளைக்குது?" என்றாள். "பஸ்ஸப் புடிக்க ஓடியாந்தாங்க, வேற ஒண்ணுமில்ல" என்று அம்மா என் வாயில் ஒரு ஆரஞ்சு மிட்டாயைத் திணித்தாள். மூச்சு விடவே வழியில்லாத வாய். அதில் மிட்டாய் வேறு.

ஆஸ்பத்திரியில் நூறு பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் பட்டும் பூவுமாக நாங்கள் மூன்று பேர்தான். நர்சுக்கு நாங்கள் ஒரு வேடிக்கை. "மாப்பிள்ளை வந்துட்டாரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். எனக்கு அழுகை வரும். மற்ற பிள்ளைகள் கவுனும் டவுசருமாக இருமிக்கொண்டிருக்கும். நான் சரிகை குத்துகிற ரவிக்கையில் இருமிக்கொண்டிருப்பேன்.

தொண்ணூற்றைந்தில் எனக்கு ஓஹையோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வீசா தாள்களோடு காப்பீட்டுப் படிவமும் வந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு நேராக டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாஸ்டரிடம் போனார். ஊரில் எந்த ஆங்கிலத் தாளானாலும் அவர் கையால் அடித்தால்தான் திருப்தி. அவர் அதிகம் அடித்துக் கொடுத்தது வரன் பார்க்கிறவர்களுக்கான பயோடேட்டா. அதனால் என் காப்பீட்டுப் படிவத்துக்கும் அதே முறையில் ஒரு தனித் தாள் இணைத்துவிட்டார். குடும்பம்: கௌரவமானது. குணம்: அடக்கம். நிறம்: மாநிறம். உடல்நலம்: மிக நன்று. எல்லாம் சுத்தமான ஆங்கிலத்தில். நோய் உண்டா என்ற வரி வந்ததும் மாஸ்டர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாராம். "ஒண்ணும் இல்லன்னு அடிங்க" என்றாராம் அப்பா, கேள்வியை முழுதாகப் படிக்காமலே. வரனுக்குக் கொடுக்கிற தாளில் வேறு எதை எழுதுவார்கள்? நானும் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இருபத்திரண்டு வயது, படிக்கத் தெரியும், கேள்வி புரிந்தது. அப்பா மேல் மட்டும் பழி போட முடியாது.

அடுத்த பிப்ரவரியில் ஓஹையோவில் பனி கொட்டியது. ஒரு மத்தியானம் நூலகப் படிக்கட்டில் எனக்கு மூச்சு நின்றுபோனது. ஆம்புலன்சில் ஏற்றினார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு டாக்டர், வயதான மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாளாக இது இருக்கிறது என்று கேட்டார். யாரும் அப்படி என்னைக் கேட்டதே இல்லை. என்னைச் சுற்றி ஆரணிக்காரர் ஒருவரும் இல்லை, பட்டும் இல்லை. மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறு வயதில் தொடங்கியது, வருடத்துக்கு நான்கு முறை வேலூர், இன்ன மாத்திரை, இன்ன ஊசி. பரீட்சையில் நன்றாக எழுதியவள்போல் பெருமையாக இருந்தது. அவர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

அந்தக் காகிதம் அப்படியே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது. ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. உங்கள் விண்ணப்பத்தில் நோய் எதுவும் இல்லை என்று கூறியிருக்கிறீர்கள், ஆகவே இந்தச் செலவை ஏற்க இயலாது, வருந்துகிறோம். இவர்கள் வருந்துகிறோம் என்று எழுதுவதைப்போல் வயிற்றெரிச்சல் வேறு இல்லை. அந்தப் பில்லை நான் எப்படிக் கட்டி முடித்தேன் என்ற கணக்கை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு மூச்சு முட்டியபோதெல்லாம் நான் டாக்டரிடம் போகவில்லை. அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்ததை ஊருக்குப் போனில் சொன்னேன். அப்பா பேசியது எஸ்.டி.டி. பூத்திலிருந்து. பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிற சத்தம் கேட்டது.

"கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேம்பா" என்றேன்.

வரிசையில் நின்றவர்களிடம் ஏதோ சொன்னார். பிறகு, "எத்தினி நாள் கல்யாணம்மா?" என்றார்.

"ரெண்டு நாள்."

"இப்ப முடிஞ்சிச்சா? நல்லா சாப்பிட்டியா?" என்றார். பூத்துக்காரர் முன்னால் அழவும் முடியாமல், "சரிம்மா, மொய் எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அப்பா போய் ஐந்து வருடமாகிறது. அந்தப் போனை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வருகிறது.

3

அண்ணன் மகள் ரேவதி இந்த ஆகஸ்டில் படிக்க வந்தாள். என் வீட்டிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணம். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "பேரையும் போட்டே எழுதுங்கத்தை" என்றாள். அதற்கு ஏன் துணிந்தாள் என்பது கடைசியில் தெரியும்.

ரேவதிக்குப் பதினான்கு வயதில் வலிப்பு வந்தது. அண்ணன் எனக்குப் போன் செய்து, "ரேவதியக் கல்யாணத்துக்குக் கூட்டிகினு போயிட்டு வந்தோம்" என்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. தலையில் ஒயர் ஒட்டி எடுக்கிற பரிசோதனைக்கு, தலைக்குக் குளித்து எண்ணெய் இல்லாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் என்ன செய்தார்கள்? அவளுக்குப் பட்டுப் பாவாடை தாவணி கட்டி, தலை வழிய எண்ணெய் வைத்து, இரண்டு முழம் கனகாம்பரம் சூட்டிக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்குக் கல்யாணம்போல் இருக்க வேண்டுமே! ஆஸ்பத்திரிக்காரர் பூவை எல்லாம் எடுக்கச் சொல்லி, தலையைக் கழுவிக்கொண்டு நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாளும் போனார்கள், மறுநாளும் பட்டு. ரேவதி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குச் சிரிக்கத் தெரிகிறது. எனக்கு அந்த வயதில் தெரியவில்லை.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீசில் இருக்கும்போது கூப்பிட்டாள்.

"அத்தை, பிஸியா கீறீங்களா?"

"இல்லம்மா, சொல்லு."

"இன்னிக்கி லேப்ல ரெண்டு நிமிஷம் நான் எங்கயோ போயிட்டேன் போல. கூடப் படிக்கற பொண்ணு பேரச் சொல்லிக் கூப்புட்டுகினே இருந்தாளாம், எனக்குக் கேக்கவே இல்ல."

"மாத்திரை ஒழுங்கா போடறியா?"

வேறு ஏதோ வகுப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ரேவதி!"

"பாதி போடறேன் அத்தை. அப்பா ஆறு மாசத்துக்குன்னு வாங்கினாரு. ஏர்போர்ட்ல கேள்வி கேப்பாங்கன்னு பாதிய வூட்டுலயே எடுத்து வெச்சுட்டாங்க. டிசம்பர்ல ஒருத்தர் வராராம், அவருகிட்ட குடுத்தனுப்பறாராம். அதுவரைக்கும் வரணுமேன்னு உடைச்சுப் போட்டுகினு கீறேன்."

மாத்திரைகள் ஒரு முறுக்கு டப்பாவில் இருந்தனவாம். அட்டையிலிருந்து பிரித்து, பெயர் தெரியாதபடி. கூட இருக்கிற பெண்ணிடம் அதை விட்டமின் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அடுத்து அவள் சொன்னதுதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. ஊரில் ஒரு பாலிசி வாங்கிக் கொடுத்திருந்தார் அண்ணன். பழைய டைப்ரைட்டிங் மாஸ்டரின் மகன் இப்போது பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். அவர்தான் படிவத்தை நிரப்பியது. நோய்: இல்லை. அந்தப் பாலிசியைக் காட்டிப் பல்கலைக்கழகத் திட்டத்திலிருந்து விலக்குக் கேட்க வேண்டும், வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணி கெடு. கம்ப்யூட்டரில் எல்லாம் நிரப்பித் தயாராக வைத்திருக்கிறாள். பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. "அப்பா தெனம் கேக்குறாரு, அனுப்பிட்டியா அனுப்பிட்டியான்னு" என்றாள்.

அழுத்திவிட்டால் அந்த வருடம் முழுக்க அவளுக்கு இருப்பது அந்த ஊர்ப் பாலிசி ஒன்றுதான். அதில் வலிப்புக்கு ஒரு ஊசிகூடப் போட மாட்டார்கள். என் கடிதம் மாதிரியே ஒரு கடிதம் வரும், வருந்துகிறோம் என்று. அழுத்தாமல் விட்டால் பல்கலைக்கழகத் திட்டத்தில் இருப்பாள். அதில் பழைய நோய்க்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், பிறகு கிடைக்கும். அதுவரை வளாகத்துக் கிளினிக்கில் மாணவர்களை இலவசமாகப் பார்த்து மாத்திரையும் எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் அங்கே போய், எனக்கு வலிப்பு இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும், தாளில் எழுத வேண்டும். அவள் பிறந்ததிலிருந்து செய்யக் கூடாது என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

"எதையும் அழுத்தாத" என்றேன். "நான் அப்பாகிட்ட பேசறேன்."

4

அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அப்பாவின் பட்டுக்கடையை இப்போது அவர்தான் பார்க்கிறார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ்ஸில் இடம் பிடித்து ஏற்றிவிட்டவர். எனக்கு நாற்பது வயதானாலும் பாப்பாதான்.

விஷயத்தைச் சொன்னேன். கடையில் யாரோ இருந்திருக்கிறார்கள். "இருங்க, ஒரு நிமிஷம்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து பேசினார்.

"இன்னா பாப்பா, நீயும் அவகூடச் சேந்துகினியா? ஜல்தியா அத அனுப்பச் சொல்லு. பேஜார் பண்ணாத."

"ண்ணா, பொண்ணு மாத்திரைய உடைச்சுத் துன்னுகினு கீது. லேப்ல மயங்கி நின்னிருக்குது. அடுப்பு, ஆசிட்டு எல்லாம் இருக்கற எடம்."

"டிசம்பர்ல ஆளு வருது."

"டிசம்பர் வரைக்கும் யாரு உத்தரவாதம்? நீயா?"

"தே பாரு, தேவிகாபுரத்துக்காரங்க ஜாதகம் கேட்டு அனுப்பிச்சிருக்காங்க. பையன் அங்கதான் கீறான், அதே ஸ்டேட்ல. அவன் சித்தப்பா பொண்ணு ரேவதி படிக்கற எடத்துலயே படிக்குது. பேப்பர்ல ஒரு தடவை ஏறிச்சின்னா ஏறினதுதான். யாரு வாயி எங்க போவும்னு நமக்குத் தெரியுமா? ஒரு எடம் அமையட்டும். அப்புறம் நீ எந்த ஆஸ்பத்திரிக்கு வேணா கூட்டிகினு போ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கடைக்கு ஒரு புடவை வந்தா முந்தானையிலேருந்து உடம்பு வரைக்கும் பிரிச்சு வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பியே, ஒரு இழை போயிருந்தா நெய்தவர நிக்க வெச்சுக் கேப்பியே. உன் பொண்ண மட்டும் மடிச்சு வெச்சே குடுப்பியா?"

கடையில் காத்திருந்தவரை அனுப்பிவைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உனக்கும் மறைச்சுதானே பாப்பா செஞ்சோம்? நீ நல்லா இல்லியா? வூட்டுக்காரரு, கொழந்த, காரு, வூடு. ரேவதிக்கும் அதுதான் கேக்கறேன். வேற இன்னா கேட்டுட்டேன்?"

"ண்ணா, அது வேற" என்று ஆரம்பித்தேன்.

"உன் வூட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்றார் அண்ணன்.

தெரியாது. என் கணவர் முரளி நல்ல மனிதர். சென்னைக்காரர், ஒரு எறும்பைக்கூட வாசல் வரை கொண்டுபோய் விடுகிறவர். அந்த ஓஹையோ ஆஸ்பத்திரி நாட்களை அவரிடம் நிமோனியா என்று சொல்லியிருக்கிறேன். பத்து வருடத்தில் வீட்டில் எனக்கு மூச்சு முட்டியபோதெல்லாம் குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். பயந்து அல்ல. இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை, அவ்வளவுதான். காரணம் கிடைக்காமல் ஒரு நாள், ஒரு மாதம், பத்து வருடம்.

"தெரியாதுல்ல?" என்றார் அண்ணன். "அப்ப எனக்குப் புத்தி சொல்லாத."

புதன், வியாழன் இரண்டு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. ரேவதி இருபத்திரண்டு வயதுப் பெண், முடிவு அவளுடையது என்று ஒரு பக்கம். அவள் என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள் என்று ஒரு பக்கம். ஆபீஸ் டிராயரைத் திறந்து மூடினேன், திறந்து மூடினேன். பக்கத்து மேஜைக்காரி எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டாள்.

5

வெள்ளிக்கிழமை மீனுவுக்குப் பள்ளி விடுமுறை. முரளிக்கு வேலை. மீனுவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ரேவதியை வளாகத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகக் கிளம்பிவிட்டேன். அவளுடைய பள்ளிப் படிவமும் கைப்பையில் இருந்தது, திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். டிக் அடிக்காமல் வைத்திருந்தேன்.

முந்தின நாள் ரேவதியிடம், "நல்லதா ஏதாச்சும் உடுத்திகினு ரெடியா இரு" என்று சொல்லியிருந்தேன். வாயில் தன்னால் வந்துவிட்டது. அவள் ஒரு பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரும் ஜீன்சும் போட்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். காரில் ஏறியதும் என்னைப் பார்த்து, "எண்ண தேய்க்கல அத்தை. பூவும் இல்ல" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிக்கும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்பா பேச மாட்டாரு அத்தை."

"பேசுவாரு. கொஞ்ச நாள் ஆவும்."

"அந்த தேவிகாபுரம் எடம் போயிடும்."

"போவலாம்" என்றேன். பொய் சொல்லி ஆறுதல் சொல்ல எனக்கு அன்று பிடிக்கவில்லை.

கிளினிக்கில் ஒரு அட்டையில் செருகிய நான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள். ரேவதி மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். நோய் என்ற வரி வந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வரியையே பார்த்தாள். நான் எதுவும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை மணி. பிறகு பேனா நகர்கிற சத்தம் கேட்டது. வலிப்பு, பதினான்கு வயதிலிருந்து. எழுத்து அவ்வளவு அழுத்தமாக விழுந்திருந்தது, அடுத்த பக்கத்திலும் தடம் தெரிந்தது.

பக்கத்தைத் திருப்பினாள். "ரத்த சம்பந்தம் உள்ளவங்களுக்கு என்னென்ன நோய்னு கேக்குது அத்தை. தாத்தாவுக்குச் சக்கரை. அப்பாவுக்கு பி.பி. வேற யாருக்காவது எதாச்சும்?"

வெறும் கேள்விதான். அவளுக்கும் என் இளைப்பு தெரியாது. அவளிடமும் யாரும் சொன்னதில்லை. மீனு பக்கத்து நாற்காலியில் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுது" என்றேன். "அத்தை. ஆஸ்துமா. ஆறு வயசுலேருந்து."

ரேவதி நிமிர்ந்தாள். மீனுவும் திரும்பினாள். தமிழ் அவளுக்கு அரைகுறைதான், ஆனால் அந்த ஒரு வார்த்தை எந்த மொழியிலும் அவளுக்குப் புரியும்.

"அம்மா, உனக்கா?"

"ஆமாண்டா."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். "அப்ப எனக்கு உன்கிட்டேருந்து வந்துச்சா?"

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது என்னவென்று எனக்கு உடனே புரியவில்லை. என் மொழி அவளிடம் நிற்கவில்லை, என் சாப்பாடு அவளுக்குக் காரம். என் ஊர் அவளுக்கு வெயிலும் கொசுவும். என்னிடமிருந்து ஒரு பொருள் தனக்கு வந்திருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்படி ஏறி உட்கார்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் பாவி, மூன்று வருடமாக அதை அவளுக்குத் தராமல் வைத்திருந்தேன்.

டாக்டர் ரேவதியை அரை மணி நேரம் பார்த்தார். முழு மாத்திரைக்குச் சீட்டு எழுதினார். ஐந்து மணிக்கு ரேவதி கம்ப்யூட்டரில் அந்த விலக்குப் படிவத்தை அழுத்தாமலே மூடினாள். இரவு அப்பாவுக்குப் போன் செய்து தானே சொல்லப் போவதாகச் சொன்னாள். "கல்யாணத்துக்குப் போனேன்னு சொல்ல மாட்டேன் அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போனேன்னே சொல்றேன்." அன்று இரவு சொன்னாள். அண்ணன் இன்றுவரை என்னோடு பேசவில்லை. தேவிகாபுரத்துக்காரர்களிடமிருந்தும் பதில் இல்லை. ஆனால் அடுத்த வாரம் ரேவதிக்கு அண்ணி அனுப்பிய பார்சலில், முறுக்குக்கு அடியில், எட்டு வருடத்து வேலூர் டாக்டர் சீட்டுகள் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. மேல் தாளில் அண்ணன் கையெழுத்தில் ரேவதியின் முழுப் பெயர் இருந்தது.

ஆரணியிலிருந்து பிள்ளைகளை அனுப்பப் போகிறவர்களே, காப்பீடு பற்றி எனக்குத் தெரிந்த யோசனை இவ்வளவுதான். இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டது, மன்னிக்கவும்.

திரும்பி வரும்போது மீனு லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, கைப்பையிலிருந்து அவள் பள்ளிப் படிவத்தை எடுத்தேன். என்னிடம் பேனா இல்லை. அவள் தன்னுடைய ரோஜா நிறப் பேனாவைக் கொடுத்தாள். ஆம் என்கிற கட்டத்தில் டிக் அடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முன்னாடி ஏன் சொல்லல?" என்றாள்.

அவளுக்குப் புரிகிற மாதிரி பாதி ஆங்கிலம், பாதி தமிழில் விளக்கினேன். எங்கள் ஊரில் பெண்ணுக்கு ஒரு வியாதி இருந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள், சொன்னால் கல்யாணம் ஆகாது என்று பயம், அதனால் மறைத்து வைப்பார்கள் என்றேன். பட்டுப் பாவாடையைப் பற்றிக்கூடச் சொன்னேன். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். கணக்குப் பாடத்தில் விடை தப்பாக வரும்போது அப்படித்தான் சுருக்குவாள்.

"ஆனா அம்மா," என்றாள், "உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே."

நான் காரை எடுத்தேன். வீட்டுக்கு இன்னும் நாற்பது மைல். முரளியிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசிக்க நாற்பது மைல் போதும் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது, பின்சீட்டில் என் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் ஏற்கெனவே, "அப்பா!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.